கிளட்ச் மிதித்தும் டிராக்டர் நகர்கிறதா? ஒன்வே கிளட்ச் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கருவிகள் கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. டிராக்டரின் பி.டி.ஓ-வில் மாட்டும் ஒன்வே கிளட்ச்தான் அது. கடைக்காரர்கள் இதை ‘ஓவர் ரன்னிங் கிளட்ச்’ என்கிறார்கள். சில பட்டறைகளில் ‘பி.டி.ஓ ஃப்ரீவீல்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. தேவையில்லாத இடத்தில் வாங்கினால் காசு வீண். தேவையான இடத்தில் வாங்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் இந்த இதழில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தென்னந்தோப்பில் களை வெட்ட ஐந்தடி ஸ்லேஷர் வாங்கினேன். டிராக்டர் பழையது, சிங்கிள் கிளட்ச். ஸ்லேஷர் சுற்றும்போது கிளட்சை மிதித்தால் டிராக்டர் உடனே நிற்பதில்லை, இன்னும் சில அடி முன்னால் போய்த்தான் நிற்கிறது. மெக்கானிக் பிரேக் லைனிங் மாற்றச் சொல்கிறார். அதுதான் காரணமா? தோப்புக்கு நடுவில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருப்பதால் பயமாக இருக்கிறது.
*- வாசகர், பொள்ளாச்சி*

நீங்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் காரணம் பிரேக் இல்லை, டிராக்டரைத் தள்ளுவது உங்கள் ஸ்லேஷர்தான்.

சிங்கிள் கிளட்ச் டிராக்டரில் என்ஜினிலிருந்து வரும் சக்தி ஒரே கிளட்ச் தட்டு வழியாகத்தான் கியர் பெட்டிக்கும் பி.டி.ஓ-வுக்கும் போகிறது. கிளட்சை மிதித்தால் என்ஜின் தனியாகப் பிரிந்துவிடும். கியர் பெட்டியும் பி.டி.ஓ-வும் மட்டும் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்கும். அந்த நேரத்தில் ஸ்லேஷரின் கனமான கத்திச்சட்டம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தன் வேகத்தை ஷாஃப்ட் வழியாகப் பின்னோக்கி அனுப்புகிறது. அந்தச் சக்தி பி.டி.ஓ வழியே கியர் பெட்டிக்குள் புகுந்து, பின் சக்கரங்களுக்கு வந்து சேர்கிறது. அதுவரை என்ஜின் செய்த வேலையைச் சில விநாடிகளுக்கு ஸ்லேஷரே செய்கிறது.

எவ்வளவு வேகம் அது என்று ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்தடி அகலம் வெட்டும் கத்தி நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றினால், கத்தி முனையின் வேகம் மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர். அத்தனை வேகத்தில் சுற்றும் இரும்பு நொடியில் நின்றுவிடாது. டிராக்டர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகத்தான் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கிளட்சை மிதித்த பிறகு மூன்று விநாடி தள்ளினாலும் டிராக்டர் கிட்டத்தட்ட 11 அடி நகர்ந்திருக்கும். கிணற்று மேட்டில் 11 அடி என்பது பெரிய தூரம்.

இதைத் தடுப்பதற்குத்தான் ஒன்வே கிளட்ச். டிராக்டர் ஸ்லேஷரைச் சுற்றலாம், ஸ்லேஷர் டிராக்டரைச் சுற்ற முடியாது. உங்கள் டிராக்டருக்கு இது கட்டாயம் தேவை. மாட்டிய பிறகு இன்னொரு நன்மையும் தெரியும். இப்போது ஸ்லேஷர் சுற்றும்போது கியர் மாற்றினால் ‘கரகர’ என்று பல் கடிக்கும், அந்தத் தொல்லை போய்விடும்.

வாங்கும் வரை ஒன்று செய்யுங்கள். கிணறு, வாய்க்கால், வேலி, ஆட்கள் இருக்கும் இடம் என எதை நெருங்கினாலும் கிளட்சை மிதிப்பதற்கு முன்பே ஆக்சிலேட்டரைக் குறைத்துவிடுங்கள். கிளட்ச் மிதிக்காமல் இருந்தால் என்ஜினே ஸ்லேஷரைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும். அதன் பிறகு கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதியுங்கள். இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு இணைத்து வைத்திருங்கள். கிணற்றைச் சுற்றி இயந்திரம் போகாத ஓர் எல்லையை வைத்து, அதற்குள் கையால் மட்டும் வெட்டுங்கள். கைப்பிடிச் சுவர் கட்டும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் டிராக்டர் டூயல் கிளட்ச். எனக்கும் இது வேண்டுமா?
*- வாசகர், திருச்செங்கோடு*

டூயல் கிளட்சில் சக்கரங்களுக்கு ஒரு தட்டு, பி.டி.ஓ-வுக்கு ஒரு தட்டு என்று தனித்தனியாக இருக்கும். பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், பி.டி.ஓ சுற்றும். முழுவதும் மிதித்தால் இரண்டும் பிரியும். ஆகவே ஸ்லேஷரின் வேகம் சக்கரங்களுக்கு வந்து சேர வழியில்லை. டிராக்டரைத் தள்ளும் தொல்லை உங்களுக்கு இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காக வாங்க வேண்டியதில்லை.

இன்டிபென்டென்ட் பி.டி.ஓ உள்ள டிராக்டர்களிலும் அப்படித்தான். ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு பி.டி.ஓ-வை நிறுத்தியதும் பிடித்து நிறுத்தும் சிறிய பிரேக் உள்ளே இருக்கும். கனமான ஸ்லேஷர், மல்ச்சர், ஃப்ளைவீல் உள்ள பேலர் போன்றவற்றை மாட்டினால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அந்தச் சிறிய பிரேக் அத்தனை கனத்தையும் பிடிக்க வேண்டிவரும். அது சீக்கிரம் தேய்ந்துவிடும். அத்தகைய கருவி வைத்திருப்பவர்கள் டிராக்டரைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்வே கிளட்ச் போடலாம். கருவியோடு வந்த ஷாஃப்டில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இரண்டாவது வேண்டாம்.

உங்கள் டிராக்டர் எந்த வகை என்று தெரியவில்லையா? அதோடு வந்த கையேட்டில் கிளட்ச் பகுதியைப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால், பொருள் வாங்குமுன் மாடல் பெயரைச் சொல்லி டீலரிடமோ உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோட்டவேட்டரில் ஷியர் போல்ட் இருக்கிறது. கடையில் ‘ஸ்லிப் கிளட்ச்’ என்று ஒன்று காட்டினார்கள். இப்போது ஒன்வே கிளட்ச் என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?
*- வாசகர், விழுப்புரம்*

மூன்றும் வேறு வேறு. இதில் குழம்பித்தான் பலரும் தவறான பொருளை வாங்கி வருகிறார்கள்.

*ஷியர் போல்ட்:* கத்தியில் கல்லோ வேரோ சிக்கினால் தானே உடைந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும் போல்ட் இது. உடைவதுதான் அதன் வேலை. அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை உடைவது கியர் பெட்டியாக இருக்கும்.

*ஸ்லிப் கிளட்ச்:* அதே வேலைதான். ஆனால் உடையாது. அளவுக்கு மீறிப் பாரம் வந்தால் தட்டுகள் வழுக்கும், பாரம் குறைந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

*ஒன்வே கிளட்ச்:* பாரத்தைப் பற்றி இதற்குக் கவலையே இல்லை. கல் சிக்கினால் இது காப்பாற்றாது. கருவி டிராக்டரை விட வேகமாகச் சுற்றும்போது மட்டும் விட்டுக்கொடுக்கும்.

முதல் இரண்டும் கருவியைக் காப்பாற்றுகின்றன. மூன்றாவது டிராக்டரையும் ஓட்டுபவரையும் காப்பாற்றுகிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

ரோட்டவேட்டரைப் பொறுத்தவரை அதன் கத்திகள் மண்ணுக்குள் இருக்கின்றன. சக்தி நின்றதும் மண்ணே பிடித்து நிறுத்திவிடும். அதனால் சாதாரணமாக அதற்கு ஒன்வே கிளட்ச் தேவைப்படாது. ஸ்லேஷர், மல்ச்சர், தென்னை மட்டை தூளாக்கும் ஷ்ரெட்டர், ஃப்ளைவீல் உள்ள தீவனம் வெட்டும் இயந்திரம், சதுரக் கட்டு பேலர் போன்றவை காற்றில் கனத்தோடு சுற்றுபவை. இவற்றுக்குத்தான் தேவை. கையில் ஒரு எளிய சோதனை இருக்கிறது: பி.டி.ஓ-வை நிறுத்திய பிறகும் கருவி நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால், அது டிராக்டரைத் தள்ளக்கூடிய கருவி.

கேள்வி: இது எப்படி வேலை செய்கிறது? கடையில் இரண்டு மூன்று வகை இருக்கின்றன. விலையும் வித்தியாசப்படுகிறது. எதை வாங்கலாம்?
*- வாசகர், தேனி*

உங்கள் வீட்டு சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பதும் இதே பொருள்தான். பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டில் ஓடுகிறது, பெடல் நிற்கிறது. அந்த ‘டிக் டிக்’ சத்தம்தான் ஃப்ரீவீல். டிராக்டர் செல்ஃப் மோட்டாரின் முன்முனையிலும் ஒன்று இருக்கிறது. செல்ஃப் மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி, என்ஜின் அசையாமல் இருந்தால், அந்த ஒன்வே கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

இதில் முக்கியமாக மூன்று வகை.

*நாக்கு வகை (ராட்செட்):* ஸ்பிரிங் வைத்த சில இரும்பு நாக்குகள் பள்ளங்களில் விழுந்து பிடிக்கும். மறுபக்கம் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் போடும். பிடிப்பதற்கு முன் சிறிது ஆட்டம் இருக்கும். ஆனால் தூசியைத் தாங்கும், பட்டறையில் பிரித்துச் சரிசெய்யலாம். பி.டி.ஓ-வில் மாட்டக் கிடைப்பவற்றில் இதுவே அதிகம்.

*ரோலர் வகை:* சாய்வான பள்ளங்களில் உருளைகள் இருக்கும். ஒரு பக்கம் சுற்றினால் உருளை சாய்வில் ஏறி இறுகிக்கொள்ளும். மறுபக்கம் சுற்றினால் தளர்ந்துவிடும். சத்தமில்லை, உடனே பிடிக்கும். தூசியும் தவறான கிரீஸும் இதற்கு ஆகாது.

*ஸ்பிராக் வகை:* உருளைக்குப் பதிலாக இடுப்பு ஒடுங்கிய சிறு இரும்புத் துண்டுகள் நிமிர்ந்து இறுகும். சிறிய அளவில் மிக அதிக பலத்தைத் தாங்கும். ஆலைகளில், கன்வேயர்களில் இதைத்தான் அதிகம் போடுகிறார்கள். சுத்தமான எண்ணெயில் இயங்க வேண்டிய பொருள் என்பதால், வயல் தூசியில் நாம் பார்க்கும் பராமரிப்புக்கு இது ஒத்துவராது.

தோப்பிலும் வயலிலும் ஓட்டும் சிறு விவசாயிக்கு நாக்கு வகையே போதும். சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். கருவி தனியாகச் சுற்றும்போது மட்டும் ‘கடகட’ சத்தம் வருவது சரியான அறிகுறி. டிராக்டர் இழுக்கும்போது சத்தம் வந்தால்தான் பிரச்சினை.

கேள்வி: 45 ஹெச்.பி டிராக்டருக்கு என்ன அளவு கேட்டு வாங்க வேண்டும்?
*- வாசகர், அரியலூர்*

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதலாவது, பல் எண்ணிக்கை. பி.டி.ஓ முனையில் உள்ள நீளமான பற்களை எண்ணுங்கள். நம்மிடம் பெரும்பாலும் இருப்பது 35 மில்லிமீட்டர் தடிமனும் 6 பற்களும் கொண்ட 540 சுற்று வகை. 21 பற்கள் இருந்தால் அது 1,000 சுற்று வகை. தடிமன் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் ஜாயிண்ட் ஷாஃப்டின் மறுமுனையிலும் அதே பல்தானா என்று பாருங்கள்.

இரண்டாவது, தாங்கும் பலம். என்ஜின் ஹெச்.பி-யைப் பார்க்காமல் பி.டி.ஓ ஹெச்.பி-யைப் பாருங்கள். கையேட்டில் தனியாக இருக்கும், என்ஜின் அளவை விடக் குறைவாக இருக்கும். உங்கள் டிராக்டரில் அது 38 என்று வைத்துக்கொள்வோம். அதை 716-ஆல் பெருக்கி, பி.டி.ஓ சுற்றான 540-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 50 கிலோ-மீட்டர் முறுக்கு பலம் வரும். கடைக்காரர் நியூட்டன்-மீட்டரில் சொன்னால் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், சுமார் 500. இது சீராக ஓடும்போது வரும் அளவு. ஸ்லேஷர் மட்டையில் அடிக்கும்போதும் பேலர் குத்தும்போதும் அதிர்ச்சி கூடுதலாக வரும். அதனால் இரண்டு மடங்கு, அதாவது 1,000 நியூட்டன்-மீட்டர் தாங்குவதாக எழுத்தில் உள்ள பொருளை வாங்குங்கள். ‘45 ஹெச்.பி-க்குப் போதும்’ என்று வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அளவு அச்சிடாத பொருள் விலை குறைவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாவது, சுற்றும் திசை. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பி.டி.ஓ கடிகார முள் திசையில் சுற்றும். அதற்கேற்ற பொருள்தான் வேண்டும். சில டிராக்டர்களில் ரிவர்ஸ் பி.டி.ஓ இருக்கிறது. ஒன்வே கிளட்ச் போட்ட பிறகு ரிவர்ஸில் சக்தி போகாது, வெறுமனே வழுக்கும். கதிரடிக்கும் இயந்திரத்தில் அடைப்பு எடுக்க ரிவர்ஸைப் பயன்படுத்துபவர்கள், அந்தக் கருவிக்கு இதை மாட்டாமல் விடுங்கள்.

கேள்வி: பி.டி.ஓ முனையில் செருகும் அடாப்டர் வகையை வாங்கி மாட்டினேன். ஸ்லேஷரைத் தூக்கும்போது ‘டொக்’ என்று இடித்தது. ஷாஃப்ட் வளைந்துவிடுமா?
*- வாசகர், பெரியகுளம்*

வளையலாம். அதைவிட மோசமாக, டிராக்டருக்குள் இருக்கும் பி.டி.ஓ பேரிங்கும் ஸ்லேஷரின் கியர் பெட்டியும் அடிபடலாம். உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

அடாப்டர் போட்டால் பி.டி.ஓ முனை அதன் நீளத்துக்கு வெளியே வந்துவிடும். ஷாஃப்டின் உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று போய் அடியில் முட்டிக்கொள்கின்றன. அதுதான் அந்தச் சத்தம். செய்ய வேண்டியவை:

1. பி.டி.ஓ-வை நிறுத்திவிட்டு, ஸ்லேஷரை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, ஷாஃப்ட் மிகக் குறுகும் நிலையைக் கண்டுபிடித்து, பிறகு என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். தூக்கிய கருவிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் கை வைக்காதீர்கள்.

2. அந்த நிலையில் இரு குழாய்களின் அடியிலும் குறைந்தது ஓர் அங்குல இடைவெளி இருக்கும்படி வெட்ட வேண்டும். இரும்புக் குழாய்கள் இரண்டையும், பிளாஸ்டிக் உறைகள் இரண்டையும் ஒரே அளவு வெட்டுங்கள். பிசிறை அரம் போட்டு எடுத்துவிட்டு கிரீஸ் தடவுங்கள்.

3. மிக நீளும் நிலையிலும் குழாய்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டத்தில் பிரிந்துவிடும்.

4. அடாப்டரைப் பூட்டும் பின் அல்லது போல்ட் பி.டி.ஓ முனையின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

5. டிராக்டரின் பி.டி.ஓ மேல்மூடி இப்போது அடாப்டரை முழுதாக மறைக்காது. அதற்கேற்ப மூடியை நீட்டிப் போடுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு யோசனை. அடாப்டருக்குப் பதிலாக, ஒன்வே கிளட்ச் சேர்த்தே வரும் ஜாயிண்ட் ஷாஃப்ட் கிடைக்கிறது. அதில் கிளட்ச் கருவிப் பக்கம் இருப்பதை வாங்குங்கள். இதில் இரண்டு லாபம். பி.டி.ஓ முனையில் கூடுதல் கனம் தொங்காது. பி.டி.ஓ-வை நிறுத்தியதும் ஷாஃப்டும் நின்றுவிடும், கருவி மட்டும்தான் சுற்றும். டிராக்டர் பக்கம் அடாப்டராகப் போட்டால், கருவி நிற்கும் வரை ஷாஃப்ட் முழுவதும் சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும். விலை கூடினாலும் முடிந்தவர்களுக்கு முன்னது நல்லது.

கேள்வி: வாடகைக்குச் சதுரக் கட்டு பேலர் ஓட்டுகிறேன். அதன் ஷாஃப்டிலேயே ஒன்வே கிளட்ச் இருக்கிறது. இரண்டு பருவம் ஓடியது. இப்போது இழுக்கும்போது திடீரென்று வழுக்கி, பிறகு ‘டமார்’ என்று பிடிக்கிறது. நிறைய கிரீஸ் அடித்தும் சரியாகவில்லை.
*- வாசகர், மன்னார்குடி*

நிறைய கிரீஸ் அடித்ததே காரணமாக இருக்கலாம். கெட்டியான கிரீஸும் வைக்கோல் தூசியும் சேர்ந்து களிபோல் ஆகி, நாக்குகளைப் பள்ளத்துக்குள் எழ விடாமல் அமுக்கிவிடும். பாதி எழுந்த நாக்கு நுனியில் மட்டும் பிடித்து, பிறகு நழுவி, அடுத்த பள்ளத்தில் போய் இடிக்கும். ஒவ்வோர் இடியிலும் நாக்கின் முனை மழுங்கும். பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் பள்ளமும் போய்விடும், பிறகு முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

கழற்றிப் பிரியுங்கள். டீசலில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். நாக்குகள் விரலால் அமுக்கினால் உள்ளே போய், விட்டதும் துள்ளி எழ வேண்டும். எழாவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். முனை உருண்டுபோன நாக்கை வெல்டிங் வைத்துத் தேய்த்துப் போடாதீர்கள். அந்தப் பாகத்துக்குச் சூடு காட்டிக் கொடுத்த கடினம் வெல்டிங்கில் போய்விடும். நாக்கு, ஸ்பிரிங் இரண்டையும் செட்டாகவே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் முழுப் பாரமும் அதன்மேல் விழும்.

பூட்டும்போது மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். பிறகு கையேட்டில் சொன்ன இடைவெளியில், சொன்ன அளவு மட்டும். ஜாயிண்டின் கிராஸ் நிப்பிளுக்கு அடிப்பதுபோல் இதற்கு அடிக்கக் கூடாது. ரோலர், ஸ்பிராக் வகை வைத்திருப்பவர்கள் கிராஃபைட் அல்லது மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸைப் போடாதீர்கள். அவை வழுக்குவதற்கென்றே செய்தவை, இந்த வகைகளோ உராய்வால்தான் பிடிக்கின்றன.

பருவத்துக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஷாஃப்டைக் கழற்றி, ஒரு முனையை அசையாமல் பிடித்து, கிளட்ச் பக்கத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் ‘டிக் டிக்’கென்று தாராளமாகச் சுற்ற வேண்டும். மறுபக்கம் சிறு ஆட்டத்துக்குப் பிறகு கெட்டியாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினாலும் கோளாறு, இரண்டு பக்கமும் நின்றாலும் கோளாறு. இரண்டு பக்கமும் நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. பேலர் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடுவார்கள். டிராக்டரைத் தள்ளும்போதுதான் தெரியும்.

கேள்வி: மாட்டுக்குத் தீவனம் வெட்டும் இயந்திரத்தை மோட்டாரிலும் ஓட்ட வேண்டும், கரண்ட் இல்லாதபோது டீசல் என்ஜினிலும் ஓட்ட வேண்டும். இரண்டையும் நிரந்தரமாக இணைத்து, இடையில் ஒன்வே கிளட்ச் போடலாம் என்கிறார் பட்டறைக்காரர்.
*- வாசகர், நாமக்கல்*

அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆலைகளில் இப்படிச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஒன்வே கிளட்ச் இருந்தால், எது ஓடுகிறதோ அது இயந்திரத்தைச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். ஆனால் நான்கைந்து மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தச் செலவு தேவையா? பெல்ட்டைக் கழற்றி மாற்றுவது ஐந்து நிமிட வேலை. கிளட்ச் போட்டால் பெல்ட் இழுக்கும் பாரத்தைத் தாங்கத் தனியே பேரிங் வைக்க வேண்டும். பல ஒன்வே கிளட்சுகள் அந்தப் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை. திசை மாற்றிப் போட்டால் ஒன்றும் சுற்றாது. இப்போதைக்குப் பெல்ட்டே போதும். அந்தப் பணத்தில் பெல்ட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் வலைக்கூண்டு அடித்துக்கொள்ளுங்கள், தீவனம் தள்ளும் வாயை நீளமாக்கிக்கொள்ளுங்கள். விரல்களைக் காப்பாற்றுவது அதுதான்.

இதே பொருள் திரும்பிச் சுற்றாமல் தடுக்கவும் பயன்படுகிறது. ஆழ்கிணற்றில் நீண்ட ஷாஃப்ட் உள்ள டர்பைன் பம்ப்பை நிறுத்தினால், குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கி ஷாஃப்டைத் தலைகீழாகச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்க மோட்டார் தலையில் ராட்செட் வைத்திருப்பார்கள். மோட்டாரை நிறுத்தியதும் தலைகீழாகச் சுற்றும் சத்தம் கேட்டால், அது தேய்ந்துவிட்டது என்று பொருள். சுற்றும்போதே மறுபடி சுவிட்ச் போடாதீர்கள், ஷாஃப்ட் முறிந்துவிடும். முற்றிலும் நின்ற பிறகு பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் டிராக்டர் ஓட்டுகிறான், நானும் கூடவே போவேன். ஒன்வே கிளட்ச் போட்ட பிறகு பயமில்லை என்கிறான். பி.டி.ஓ-வை நிறுத்தினால் உடனே இறங்கி ஸ்லேஷரில் சுற்றிய கொடியை எடுக்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் எழுதினால் கேட்பான்.
*- வாசகி, உடுமலைப்பேட்டை*

தம்பி, அம்மா சொல்வது சரி.

ஒன்வே கிளட்ச் போட்டதால் டிராக்டர் தள்ளப்படும் ஆபத்து குறைந்தது. ஆனால் வேறோர் ஆபத்து கூடியிருக்கிறது. முன்பு கருவியின் வேகத்தில் ஒரு பகுதியை டிராக்டர் பிடித்து இழுத்துக் குறைத்தது. இப்போது பிடித்து நிறுத்த யாரும் இல்லை. நீங்கள் பி.டி.ஓ லீவரை எடுத்தாலும், என்ஜினையே நிறுத்தினாலும், கத்தி தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், முன்பைவிட நீண்ட நேரம். என்ஜின் சத்தம் இல்லாததால் எல்லாம் நின்றுவிட்டதாகத் தோன்றும். ஸ்லேஷரின் மூடிக்குள் சுற்றும் கத்தி கண்ணுக்கும் தெரியாது.

வரிசை இதுதான்: ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், பி.டி.ஓ-வை எடுங்கள், கருவியைத் தரையில் இறக்குங்கள், என்ஜினை நிறுத்துங்கள், சாவியைச் சட்டைப் பையில் போடுங்கள். பிறகு இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். ‘கடகட’ சத்தம் முழுதாக நின்ற பின்புதான் காலைக் கீழே வையுங்கள். உங்கள் கருவி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, அந்த எண்ணை மட்கார்டில் பெயின்டால் எழுதி வையுங்கள். வேறு யார் ஓட்டினாலும் அது உதவும்.

அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது முறை. நாலு அங்குலத் தடிமன் உள்ள ஜாயிண்ட், ஒரு விநாடியில் ஒன்பது அடிக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். முந்தானை, துண்டு, லுங்கி எதுவானாலும் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. ஷாஃப்ட் சுற்றும்போது அதன் பக்கம் போகாதீர்கள், தாண்டிச் செல்லாதீர்கள். பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உறையைச் சுற்றாமல் நிறுத்தும் சிறு சங்கிலியும் மாட்டியிருக்க வேண்டும்.

*அடுத்த இதழில்: ஜாயிண்ட் ஷாஃப்டின் கிராஸ் பேரிங் ஏன் அடிக்கடி போகிறது? இரு முனை நுகங்களையும் ஒரே வரிசையில் வைப்பது எப்படி? கேள்வி எழுதுபவர்கள் டிராக்டர் மாடல், கிளட்ச் வகை, கருவியின் அளவு மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.*